விடுப்பு முடிந்து திரும்பும் பிள்ளை: தானமா, அடைக்கலமா?

படைத்துறைக் கல்விக்கூடத்தில் பயிலும் பிள்ளை ஆண்டிறுதி விடுப்பில் வீட்டுக்கு வந்து, சில நாள் தங்கி, மறுபடியும் பாசறைக்குப் புறப்படும்போது அவனை வழியனுப்பும் பெற்றோர், சமயநெறியின்படி பார்த்தால், எந்த வகையான செயலைச் செய்கிறார்கள் என்பது எளிய கேள்வியாகவே தோன்றும். ஆனால் அதற்கு அளிக்கும் விடையைப் பொறுத்தே பெற்றோரின் கடமையும், பிள்ளையின் உரிமையும், அவனை ஏற்றுக்கொள்ளும் நிறுவனத்தின் பொறுப்பும் வேறுபடுகின்றன. அவர்கள் தங்கள் பிள்ளையை நாட்டுக்குத் தானமாகக் கொடுக்கிறார்கள் என்று கொண்டால், கொடுத்தபின் கேட்க அவர்களுக்கு ஏதும் இல்லை. அடைக்கலமாக, அதாவது பாதுகாத்துத் திருப்பித் தரவேண்டிய பொறுப்போடு, ஒருவர் கையில் ஒப்படைக்கிறார்கள் என்று கொண்டால், கேட்பது அவர்களுக்கு உரிமை மட்டுமன்றிக் கடமையும் ஆகிவிடுகிறது. இவ்விரண்டில் இரண்டாவதே தமிழ்ச் சமயமரபுக்கு உடன்பாடானது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கேள்வியை ஜொகூர் பாருவிலிருந்து எழுப்புவதற்குக் காரணம் உண்டு. 1886-ஆம் ஆண்டில் சுல்தான் அபு பக்கர் நிறுவிய ஜொகூர் அரசப் படை இன்றும் நிலைத்திருக்க, மலேசிய மாநிலங்களுள் தனக்கென ஒரு படையை வைத்திருக்கும் ஒரே மாநிலமாக ஜொகூர் விளங்குகிறது. சீருடை இந்நகரத்தாருக்குப் புதிய காட்சியன்று. இங்கிருந்து பிள்ளைகள் இரண்டு திசைகளில் அனுப்பப்படுகிறார்கள். வடக்கே செல்பவர்கள் லார்க்கின் பேருந்து நிலையத்தில் ஏறி, தலைநகரின் தெற்கு நிலையத்தில் இறங்கி, அருகிலுள்ள சுங்கை பெசிக்குப் போகிறார்கள். 1952-இல் ஜெனரல் டெம்ப்ளரின் முயற்சியால் போர்ட்டிக்சனில் தோன்றி 1961-இல் சுங்கை பெசிக்கு இடம்பெயர்ந்த அரச இராணுவக் கல்லூரி பள்ளி வயதுப் பிள்ளைகளை ஏற்கிறது. இராணுவக் கலைக்கழகமாக 1995-இல் தொடங்கி 2006-இல் தேசியப் பாதுகாப்புப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் ஆண், பெண் இருபாலாரையும் அதிகாரிப் பயிற்சிக்கு ஏற்கிறது. தெற்கே செல்பவர்கள், பெற்றோர் வழியாகச் சிங்கப்பூரின் நிரந்தரவாசத் தகுதி பெற்ற ஆண்பிள்ளைகள். 1967 முதல் நடப்பிலுள்ள கட்டாயத் தேசிய சேவைக்கு அவர்களும் உட்பட்டவர்கள் என்பதால், வார இறுதியை வீட்டில் கழித்துவிட்டுப் பாலத்தைக் கடந்து முகாமுக்குத் திரும்பும் இளைஞர்களை இந்நகரக் குடும்பங்களிலும் காணலாம். அவர்களுள் பலர் அடிப்படைப் பயிற்சி பெறும் தெக்கோங் தீவு ஜொகூர் நீரிணையிலேயே இருக்கிறது.

முதல் முறை அனுப்புவதற்கும் விடுப்பு முடிந்து அனுப்புவதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். முதல் முறை அனுப்பும் பெற்றோர் அறியாமையோடு அனுப்புகிறார்கள். சேர்க்கைக் கடிதம் தந்த பெருமையும், உறவினரின் வாழ்த்தும், கோயிலில் செய்த அர்ச்சனையும் சேர்ந்து அந்த நாளை ஒரு விழாவாக்கிவிடுகின்றன. விடுப்பில் வந்த பிள்ளையோ வெயிலில் கறுத்து, உடல் இளைத்து, ஐந்து மணிக்குத் தானே எழுந்து, பழைய நண்பர்களோடு முன்போல் ஒட்டாமல், சில கேள்விகளுக்கு விடை சொல்லாமல் இருக்கிறான். பெற்றோர் இப்போது ஓரளவு அறிந்துவிட்டார்கள். அறிந்தபின் மீண்டும் அனுப்புகிறார்கள். ஒரு செயலை அறநோக்கில் எடைபோடும்போது அதைச் செய்தவரின் அறிவையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பதால், சமயத்தின் பார்வையில் பொருளுடைய வழியனுப்புதல் இந்த இரண்டாவதுதான்.

தமிழ் இலக்கியத்தில் பிள்ளையைப் போருக்கு அனுப்பும் தாய்க்குத் தனியிடம் உண்டு. மறக்குடியில் பிறந்த பெண்களின் வீரத்தைப் பாடும் பாட்டு வகையை இலக்கண நூலார் மூதின்முல்லை என்பர். மூதில் என்றால் தொன்றுதொட்டுப் போர்த்தொழில் பூண்ட குடி. புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய பாட்டில், பிறந்த வீட்டு ஆண்மகனையும் கணவனையும் அடுத்தடுத்த போர்களில் இழந்த ஒருத்தி, மீண்டும் போர்ப்பறை கேட்டதும் தன் ஒரே மகனை அழைத்து, கையில் வேலைக் கொடுத்து, அவன் தலைமயிருக்கு எண்ணெய் தடவிச் சீவி அனுப்புகிறாள். இப்பாட்டை மறப்பெருமைக்குச் சான்றாக மட்டும் படிப்பது அதைப் பாதி படிப்பதாகும். வேலைக் கொடுத்தபின் எண்ணெய் தடவும் அந்தக் கை, அனுப்பும் செயலுக்குள்ளேயே அன்பு முழுமையாக இருப்பதைக் காட்டுகிறது. பாடியவரும் அவளை வியப்பதோடு நில்லாமல் அவளுடைய துணிவின் கடுமையை எண்ணி நடுங்குகிறார். இன்றைய பயிற்சி மாணவனின் தலையில் எண்ணெய் தடவிச் சீவுவதற்கு மயிர் இல்லை. அவன் தாய்க்கு எஞ்சியிருப்பது, அடையாள அட்டைக்குப் பின்னால் திருநீற்றுப் பொட்டலம் ஒன்றை மடித்து வைப்பதும், ஒரு வெள்ளிக் காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி மாடத்தில் வைப்பதுமே.

அந்த முடிச்சு ஆழ்ந்து நோக்கத்தக்கது. பிள்ளை நலமாகத் திரும்பினால் ராஜமாரியம்மனுக்குக் காணிக்கை செலுத்துவதாக நேர்ந்துகொண்டு, அந்த வேண்டுதலுக்கு அடையாளமாகக் காசை முடிந்து வைக்கும் வழக்கம் தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்த முன்னோரோடு வந்தது. துறவு நெறியின் அளவுகோலால் அளப்பவர் இதைப் பற்று என்று ஒதுக்கிவிடுவர். விளைவை எதிர்பாராமல் கடமையைச் செய்யவேண்டும் என்னும் கீதையின் போதனைக்கு இது முரணானது என்றும் சொல்வர். ஆனால் முடிச்சு உண்மையில் செய்வது என்ன? தன் பிள்ளையின் உயிர் தன் கையிலும் இல்லை, முகாமின் வாயிலில் பெயரைப் பதிந்துகொள்ளும் அதிகாரியின் கையிலும் இல்லை, அதற்கு மேலான ஓரிடத்தில் அது பொறுப்பில் இருக்கிறது என்பதை அவிழ்க்கப்படாத முடிச்சாக அது வீட்டுக்குள் நாள்தோறும் நிறுத்திவைக்கிறது. இதைப் பற்றென்று தள்ளிவிடுவதைவிட, உரிமையாளர் யார் என்பது பற்றிய அறிக்கை என்று கொள்வதே பொருந்தும்.

உரிமையாளர் யார் என்ற இவ்வினாவுக்குச் சைவ சித்தாந்தம் மிகத் தெளிவான விடை வைத்திருக்கிறது. பதியாகிய இறைவன், பசுவாகிய உயிர், பாசமாகிய தளை என்னும் மூன்றும் தொடக்கமில்லாதவை என்பதும், உயிர்கள் பல என்பதும் மெய்கண்டாரின் சிவஞானபோதம் வழிவரும் கொள்கை. பெற்றோர் பிள்ளைக்கு உடலைத் தரும் கருவியாக அமைகிறார்களே தவிர உயிரைப் படைப்பதில்லை; அந்த உயிர் அவர்களுக்கு முன்பும் இருந்தது, தனக்குரிய வினையோடு வந்தது, தனக்குரிய முதிர்ச்சியை நோக்கிப் போகிறது. உடல், கருவிகள், உலகம், நுகர்ச்சி ஆகிய நான்கையும் தனு, கரணம், புவனம், போகம் என்று சித்தாந்திகள் கூறுவர். இவை உயிர் பக்குவப்படுவதற்காக இறைவன் கூட்டிக் கொடுத்தவை. ஆகவே பிள்ளைப்பாசத்தை வெறும் பொய்த்தோற்றம் என்று தள்ளச் சித்தாந்தம் இடம் தருவதில்லை; குடும்பமும் உயிர் வளர்வதற்கென்று தரப்பட்ட களமே. ஆனால் பெற்றோர் அந்த உயிரின் உடைமையாளர் என்று சொல்லவும் இடம் தருவதில்லை. இங்கிருந்து பெறப்படும் முடிவு பலர் நினைப்பதற்கு மாறானது. தமக்கு உடைமையல்லாததை எவரும் தானமாகக் கொடுக்க முடியாது. பெற்றோர் பிள்ளையின் உடைமையாளர் அல்லர் என்றால், அவர்களிடமிருந்து பெற்றுக்கொண்ட அரசும் உடைமையாளர் ஆகமுடியாது. பற்றறுத்தலைப் பெற்றோருக்கு மட்டும் போதித்துவிட்டு, அவர்கள் விட்ட உரிமையைப் படை எடுத்துக்கொள்ளலாம் என்று கருதும் தேசபக்திப் பேச்சு இவ்விடத்தில் தவறுகிறது.

இதற்கு எதிராகச் சிறுத்தொண்ட நாயனாரின் வரலாற்றை எடுத்துக்காட்டக்கூடும். அவரும் படைத்தலைவராக இருந்தவரே. பரஞ்சோதி என்ற பெயரோடு பல்லவனின் சேனையை வாதாபிக்கு நடத்தி வென்று, பின்பு அரசனாலேயே படைப்பணியிலிருந்து விடுவிக்கப்பட்டுத் திருச்செங்காட்டங்குடியில் அடியார்க்கு அமுது படைத்து வாழ்ந்தவர், வைரவக் கோலத்தில் வந்த இறைவன் கேட்டான் என்பதற்காகத் தம் ஒரே மகன் சீராளனையே கறியாக்கிக் கொடுத்தார் என்று சேக்கிழார் பாடுகிறார். படிப்பவர் நெஞ்சைக் கலக்கும் இவ்வரலாற்றைத் தியாகத்தின் உச்சம் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் அதன் முடிவைக் கருதவேண்டும். உண்ண அமர்ந்த விருந்தினர் மகனை அழைக்கச் சொல்ல, இல்லாத மகனைத் தந்தையும் தாயும் வாயிலில் நின்று அழைக்க, பள்ளியிலிருந்து ஓடிவரும் பிள்ளையைப் போல அவன் ஓடிவருகிறான். பெற்றுக்கொண்டவன் இறைவனாக இருந்தும் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. கேட்கும் அதிகாரமும், கேட்டதை உயிரோடு திருப்பித் தரும் ஆற்றலும் ஒருவனிடமே இருப்பதால்தான் அந்தக் கேள்வி அங்கே பொருந்துகிறது. திருப்பித் தரும் ஆற்றல் இல்லாத எந்த அரசும், எந்தப் படைப்பிரிவும், அந்த வைரவனின் இருக்கையில் அமர்ந்து பெற்றோரிடம் பிள்ளையைக் கேட்க முடியாது.

அப்படியானால் படைநிறுவனத்துக்கு உரிய இருக்கை எது? சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை இதற்கு விடை தருகிறது. மதுரையின் புறத்தே கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆய்மகளிடம் ஒப்படைக்கும்போது, அடைக்கலப் பொருளைக் காப்பதன் அருமையை எடுத்துரைத்தே ஒப்படைக்கிறார். பின்பு கோவலன் கொலையுண்டதில் மாதரிக்குப் பங்கு ஏதுமில்லை; பொற்கொல்லனும் பாண்டியனும் செய்த பிழை அது. என்றாலும் தன்னிடம் ஒப்படைக்கப்பட்டவர்களுக்கு நேர்ந்ததற்குத் தானே விடைசொல்ல வேண்டியவள் என்று கருதி அவள் தீயில் புகுந்தாள். உயிர்விடுவதை இன்று எவரும் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அடைக்கலத்தின் இலக்கணம் அங்கே முழுமையாக இருக்கிறது: ஏற்றுக்கொண்டவர், தாம் குற்றம் செய்யவில்லை என்று காட்டுவதால் விடுபடுவதில்லை, தம் காவலில் இருந்தபோது நடந்த அனைத்துக்கும் பொறுப்பாகிறார்.

ஜொகூர் பாருவில் தமிழர் தம் அண்டையில் வாழும் முஸ்லிம்களிடமும் இதே கருத்தைக் காண்கிறார்கள். தமிழ் முஸ்லிம்கள் அமானிதம் என்றும் மலாய்க்காரர் அமானா என்றும் வழங்குவது, ஒருவரை நம்பி ஒப்படைக்கப்பட்டதைக் குறிக்கும்; அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்கவேண்டும் என்பது குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தில் உள்ள கட்டளை. குழந்தை மூசாவை ஆற்றில் விடும்படி தாய்க்கு அறிவித்த இறைவன், அவனைத் திருப்பித் தருவதாக அதே மூச்சில் வாக்களித்து அதை நிறைவேற்றியதையும் அந்நூல் கூறுகிறது. கிறித்தவரின் விவிலியத்தில் இன்னும் நெருக்கமான ஒப்புமை இருக்கிறது. நெடுங்காலம் பிள்ளையின்றி வருந்தி, பிறந்தால் ஆண்டவருக்கே ஒப்புவிப்பேன் என்று நேர்ந்துகொண்ட அன்னாள், மகன் சாமுவேல் பால்மறந்ததும் சீலோவில் உள்ள ஆலயத்தில் ஏலி என்னும் குருவிடம் விட்டுவருகிறாள். அதன்பின் ஆண்டுதோறும் பலி செலுத்தப் போகும்போது அவனுக்கு ஒரு சிறிய மேலாடையைத் தைத்துக் கொண்டுபோகிறாள். சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனத்தில் அளந்து தைக்கப்பட்டிருக்க வேண்டிய ஆடை அது. அளவு கேட்பதும் ஆடை தைப்பதும், ஒப்புவித்த பின்பும் தாய்க்கு எஞ்சியிருந்த உரிமை. அதைவிட முக்கியமானது, அந்த ஆலயத்தின் நிலை. ஏலியின் மக்களான ஒப்னியும் பினெகாசும் அங்கேயே முறைகேடு செய்துவந்தார்கள். அறிந்திருந்தும் அடக்காமல் விட்டதற்காக ஏலியின் குடிமீது தீர்ப்பு வந்தது. புனிதமான இடம் என்பதாலேயே ஓரிடம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான இடமாகிவிடுவதில்லை என்பதை விவிலியம் மறைக்கவில்லை.

அந்தப் பாடம் சுங்கை பெசிக்கும் பொருந்தும் என்பதை மலேசியப் பெற்றோர் 2017-இல் அறிந்தனர். பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் பயின்ற 21 வயதுக் கடற்படைப் பயிற்சி மாணவர் ஒருவர், மடிக்கணினியைத் திருடியதாகச் சந்தேகிக்கப்பட்டு, விடுதி அறையில் சக மாணவர்களால் நீராவி இஸ்திரிப் பெட்டியால் சுடப்பட்டு, அவ்வாண்டு ஜூன் 1-ஆம் நாள் உயிரிழந்தார். வழக்கு உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், கூட்டரசு நீதிமன்றம் என்று பல ஆண்டுகள் நடந்தது; 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அறுவருக்கு விதித்த மரண தண்டனையை நீக்கி, 2025-இல் கூட்டரசு நீதிமன்றம் 18 ஆண்டுச் சிறையை மீண்டும் நிலைநாட்டியது. தண்டனையின் அளவைப் பற்றிய விவாதம் சட்டத்தைச் சேர்ந்தது. சமயநோக்கில் எழும் வினா வேறு: நாட்களாக நீடித்த வேதனையை அதே கூரையின்கீழ் இருந்தவர்கள் அறியாமலோ சொல்லாமலோ இருந்தபோது, அடைக்கலம் ஏற்ற கை எங்கே இருந்தது? சுட்டவர்களும் யாரோ பெற்றோர் விடுப்பு முடிந்து அனுப்பிவைத்த பிள்ளைகளே என்பதையும் இங்கே மறக்கக்கூடாது. இரு திறத்துப் பெற்றோரும் ஒரே இடத்தை நம்பினார்கள், இரு திறத்துப் பிள்ளைகளையும் அந்த இடம் காக்கவில்லை.

எனவே, முகாமுக்குத் தொலைபேசியில் அழைத்துப் பிள்ளையின் நலம் விசாரிக்கும் தாயை நம்பிக்கையற்றவள் என்றோ, பிள்ளையை வளரவிடாதவள் என்றோ பழிப்பது சமயத்தின் பெயரால் செய்யத்தகாத பழிப்பு. அடைக்கலம் கொடுத்தவர் கேட்பது அடைக்கலத்தின் ஒரு பகுதி. வலி எது, துன்புறுத்தல் எது என்று பயிற்சியில் வேறுபடுத்தத் தெரியாமல் ஒவ்வொரு களைப்புக்கும் பதறும் பெற்றோரும் உண்டு என்பது உண்மையே. அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது பயிற்சியின் இயல்பை. கேட்பதை நிறுத்த அவர்களுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை.

இதுவரை சொல்லப்பட்டதில் ஒரு குறை இருக்கிறது. அடைக்கலம் என்ற கருத்து பொன்னுக்கும் பொருளுக்கும் முழுமையாகப் பொருந்தும். வாயும் மனமும் உடைய மனிதனுக்குப் பாதியே பொருந்தும். 1943-இல் நேதாஜியின் அழைப்பை ஏற்று ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த மலாயாத் தமிழ்ப் பெண்களைப் பெற்றோர் அனுப்பினார்கள் என்று சொல்வதைவிட, அவர்களே புறப்பட்டார்கள் என்று சொல்வதே சரி. பதினெட்டு வயது ஜானகி தேவர் தந்தையின் எதிர்ப்பைக் கடந்தே சேர்ந்தார். அதே காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்கு ஜப்பானியர் கொண்டுபோன தோட்டத் தொழிலாளரை எவரும் ஒப்படைக்கவில்லை, அவர்கள் பறிக்கப்பட்டார்கள். புறப்படுதலும் பறிக்கப்படுதலும் ஆகிய இரண்டுக்கும் நடுவே, பதினாறு பதினேழு வயதில் சீருடை அணியும் பிள்ளையின் நிலை இருக்கிறது. அவனுடைய விருப்பம் எவ்வளவு அவனுடையது, எவ்வளவு தந்தையின் நிறைவேறாத ஆசை என்பதை முதல் விடுப்பில்தான் அவனே உணரத் தொடங்குகிறான். கீதையை இவ்விடத்தில் நினைக்கலாம். போர்க்களத்தில் அருச்சுனனுக்குப் பதினெட்டு அத்தியாயம் உபதேசித்த கண்ணன், இறுதியில் அனைத்தையும் ஆராய்ந்து விரும்பியபடி செய் என்று முடிவை அவனிடமே விடுகிறான். இறைவன் விட்ட இடத்தைப் பெற்றோர் எடுத்துக்கொள்வது முறையாகாது.

ஆகவே இந்தக் கேள்வியின் கடினமான வடிவம், பிள்ளை மகிழ்ச்சியோடு திரும்பும் ஆண்டில் எழுவதில்லை. பையைக் கட்டவேண்டிய இரவில் அவன் போகமாட்டேன் என்று சொல்லும் ஆண்டில் எழுகிறது. அந்த இரவில் புறநானூற்றின் இன்னொரு தாய் பெற்றோரின் நினைவுக்கு வரக்கூடும். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய அவள், தன் மகன் புறமுதுகிட்டான் என்று ஊரார் சொல்லக் கேட்டு, அது உண்மையானால் அவன் பாலுண்ட முலையை அறுத்தெறிவேன் என்று வஞ்சினம் கூறிப் போர்க்களம் தேடிப் போனவள். அவளை இங்கே அழைப்பது பொருந்தாது. அவள் மகன் போரில் நின்றவன். இவன் பயிற்சியில் இருப்பவன். போரில் புறங்கொடுத்தல் உடன்நின்றவரைக் கைவிடுவதாகும். பயிற்சியை விட்டு வருதல் எவரையும் கைவிடுவதாகாது. படைச்செருக்கு என்று ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே கொல்லாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். மக்கட்பேற்றில் தந்தையின் கடமையைச் சொல்லுமிடத்தில் அவர் காட்டுவது போர்க்களத்தை அன்று, கற்றோர் அவையை. ஒப்பந்தமும் இழப்பீடும் இருந்தால் அது பணத்தால் தீரும் கணக்கு. உறவினர் என்ன சொல்வார்கள் என்ற கவலைக்குச் சமயத்தில் இடமே இல்லை.

போகமாட்டேன் என்ற சொல்லுக்குப் பின்னால் வெறும் வீட்டு நினைவு இருக்கலாம். சொல்ல நாணும் ஒரு கொடுமையும் இருக்கலாம். எது என்று அறியும்வரை அவனைப் பேருந்தில் ஏற்றக்கூடாது. வீட்டு நினைவுதான் என்று தெளிந்தால், தானே துணிந்து புறப்படும்வரை உடனிருந்து பேசி அனுப்பலாம். கொடுமை என்று தெரிந்தால், அடைக்கலம் கொடுத்தவரே இப்போது அடைக்கலம் தரவேண்டியவர் ஆகிவிடுகிறார். அவன் வீட்டிலேயே தங்கினாலும் சாமி மாடத்து மஞ்சள் முடிச்சை அவிழ்த்து அம்மனுக்குரிய காணிக்கையைச் செலுத்தத்தான் வேண்டும், ஏனெனில் நேர்ந்துகொண்டது அவன் நலமாகத் திரும்ப வேண்டும் என்றுதான். அதிகாரியாகத் திரும்ப வேண்டும் என்று எவரும் நேர்ந்துகொள்ளவில்லை.